விசில் ஊதும் வரை

கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை எங்களை வரிசையாக உட்காரவைத்து ரத்தம் எடுப்பார்கள். போன வருஷம் ரிசல்ட் வந்த அன்று டாக்டர் பேப்பரைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் நேராக வயிற்றைப் பார்த்தார்.

"வாக்கிங் உண்டா?"

"ஸ்டோர்ஸ்ல வேலை சார். நாள் பூரா நடைதான்."

"அப்புறம் இது எப்படி வந்துச்சு?"

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? மே, ஜூன் இரண்டு மாதமும் எங்கள் வீட்டு நடையில் செந்தூராவும் பெங்களூராவும் கூடை கூடையாகக் கிடக்கும். அழுகுவதற்குள் தின்று தீர்ப்பது குடும்பப் பொறுப்பு. நான் பொறுப்பானவன். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். எல்லைக்கோட்டில் நிற்பது என்றாலே ராணுவம்தான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. அடுத்த வாரம் ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு பையன் கையில் திணித்த நோட்டீஸ்தான் உறைக்கவைத்தது. பொதுமக்களுக்கான கமாண்டோ உடற்பயிற்சி, வெறுங்கைச் சண்டைப் பயிற்சியும் உண்டு. எட்டு ஞாயிற்றுக்கிழமை, 4,500 ரூபாய், டீ-ஷர்ட் இலவசம். பேன்ட் நம்முடையது. ராணுவப் பேன்ட் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. நம் ராணுவம் 2022 ஜனவரியில் புது உருமறைப்பு உடையை அறிமுகம் செய்து, யாரும் காப்பி அடிக்காமல் இருக்க அந்த வடிவத்தைப் பதிவும் செய்து வைத்திருக்கிறது. என் பேன்டைப் பற்றி அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதைப் போட்டுக்கொண்டு ஒளிய வேண்டுமானால் காராபூந்திக் கடையில்தான் ஒளிய முடியும்.

எங்கள் ஊர் பாரூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கே வண்டி மாறி சூளகிரி வழியாக ஓசூர். பயிற்சிக்குப் போய்ச் சேர்வதே ஒரு பயிற்சி. அங்கே மாஸ்டருக்கு வயது 28 இருக்கும். பெங்களூரிலிருந்து வருகிறவர். கழுத்தில் ஒரு புலி பச்சை குத்தியிருந்தது. ராணுவத்தில் எந்தப் பிரிவு என்று கேட்டேன். "ராணுவத்துல இல்ல சார், ராணுவ ஸ்டைல்" என்றார். நேர்மையான மனிதர். எண்ணுவது மட்டும் எல்லை தாண்டிப் போகும். 'ஒந்து, எரடு' என்று கன்னடத்தில் ஆரம்பித்து, 'நாலு, அஞ்சு' என்று நமக்காகத் தமிழுக்கு வந்து, எட்டுக்கு மேல் இங்கிலீஷில் ஏறிவிடுவார். எந்த மொழியில் எண்ணினாலும் பத்துக்கு அப்புறம் பதினொன்று வரும் என்பதுதான் அங்கே நான் கண்ட தேசிய ஒருமைப்பாடு.

முதல் நாள் சரித்திர வகுப்பு. நாங்கள் கற்கப்போவது கிராவ் மாகா. எபிரேய மொழியில் நெருங்கி மோதும் சண்டை என்று பொருள். இமி லிச்டன்ஃபெல்ட் என்றொரு யூத மல்லர், குத்துச்சண்டைக்காரர். 1910-ல் புடாபெஸ்டில் பிறந்து பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்தவர். 1930-களில் அங்கே பாசிசக் கும்பல்கள் யூதர் தெருக்களில் புகுந்து அடித்தபோது, மேடைச் சண்டை வேறு, தெருச் சண்டை வேறு என்று பட்டுத் தெரிந்துகொண்டு எதிர்த்து நின்றார். பிறகு இஸ்ரேல் ராணுவத்துக்குக் கற்றுக்கொடுத்தார். 1964-ல் ராணுவத்தை விட்ட பிறகு பொதுமக்களுக்கும். இந்தப் பின்கதையை மாஸ்டர் சொன்ன ஐந்து நிமிடம் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உயிர் பிழைக்க ஒருவன் கண்டுபிடித்ததை நான் உளுந்து வடை கரைக்கக் கற்கிறேன் என்ற கூச்சமும் கூடவே வந்தது. கூச்சத்தில் கலோரி எதுவும் செலவாகவில்லை.

அடுத்தது பர்ப்பி. நின்ற இடத்தில் உட்கார்ந்து, கையூன்றி, காலைப் பின்னால் உதைத்து, ஒரு தண்டால் எடுத்து, காலை இழுத்து, எழுந்து குதிக்க வேண்டும். தண்டாலும் பஸ்கியும் கல்யாணம் செய்துகொண்டு பெற்ற பிள்ளை. ராயல் பர்ப்பி என்ற அமெரிக்க உடலியல் நிபுணர் 1930-களில் இதை உண்டாக்கியது உடம்பின் தெம்பை அளந்து பார்க்க. அவருடைய கணக்கில் நாலே நாலு தடவை, அதிலும் தண்டால் கிடையாது, குதியும் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் புதிதாகச் சேர்ந்தவர்களை இதில் சோதித்தது. அப்போது பிடித்த சனி. நாலு என்பது நாற்பதாகி, தண்டால் ஏறி, குதி ஏறி, கடல் தாண்டி, ஓசூர் வந்து, என் முதுகில் உட்கார்ந்தது. காய்ச்சலை அளக்கிற தெர்மாமீட்டரையே மருந்தென்று விழுங்கச் சொன்ன மாதிரி இருந்தது.

பன்னிரண்டாவது பர்ப்பியில் நான் தரையிலேயே தங்கிவிட்டேன். மாஸ்டர் காதருகே குனிந்து, "உங்க ரத்தத்துல வீரன் இருக்கான் சார், எழுப்புங்க!" என்று கத்தினார். இருக்கலாம். எங்கள் சீமையில் தடுக்கி விழுந்தால் நடுகல்லில்தான் விழ வேண்டும். மாடு கவரப் போய்ச் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன், புலியைக் குத்திச் செத்தவன் என்று ஊருக்கு ஊர் கல் நட்டிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் கையில் வாளோடு வரிசையாக நிற்கிறார்கள். எனக்கும் ஒரு கல் நட்டால் என்ன செதுக்குவார்கள் என்று தரையில் கிடந்தபடி யோசித்தேன். 'சிப்காட் பஸ்ஸை விரட்டிப் பிடித்து, ஜன்னல் சீட்டும் பிடித்து, மூச்சு வாங்கிப் பட்டான் பாரூர்க்காரன்.'

மூன்றாவது வாரம் 'ஃபார்மர்ஸ் வாக்'. இரண்டு கையிலும் பெரிய இரும்பு எடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடி வரை போய்த் திரும்புவது. பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போச்சம்பள்ளிச் சந்தையில் அறுபது தாண்டிய அம்மாக்கள் இரண்டு கையிலும் தக்காளிப் பையைத் தொங்கவிட்டு, தலையில் ஒன்றும் வைத்துக்கொண்டு, வாயில் வெற்றிலையோடு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று "சூப்பர், இன்னும் பத்தடி!" என்று யாரும் கத்துவதில்லை. கண்டக்டர் கத்துவார், லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொல்லி. நான் 4,500 ரூபாய் கட்டி விவசாயி மாதிரி நடக்கிறேன் என்று என் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஏர் பிடித்த மனுஷர் அவர். என்னை விவசாயி ஆக்கக்கூடாது என்றுதான் கடன் வாங்கி பாலிடெக்னிக்கில் சேர்த்தார்.

நாலாவது வாரம் கத்தி. ரப்பர்க் கத்திதான். எதிரி குத்த வரும்போது உடம்பைத் திருப்பி, அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, வெளிப்பக்கமாக முறுக்கினால் கத்தி தானாக விழும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஒரு வங்கி மேனேஜர். அவர் குத்த வருவதே கடன் மனுவை நிராகரிப்பதுபோல அவ்வளவு மரியாதையாக இருக்கும். அவரிடம் நாலு தடவை கத்தியைப் பிடுங்கியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி வீட்டில் செய்து காட்டப் போனேன்.

வீட்டுக்காரி அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சும்மா ஒரு பேச்சுக்கு, நீ என்னைக் கத்தியால குத்த வர்றேன்னு வெச்சுக்கோ."

"எதுக்குங்க நான் குத்தணும்?"

"காரணம் எல்லாம் வேணாம். பழக்கத்துக்கு."

"காரணம் நிறைய இருக்குதுங்க. கத்திதான் எதுக்குன்னு கேக்கறேன்."

கத்தி வேண்டாம், கையில் இருக்கிற துடுப்பே போதும் என்றேன். சொல்லிக்கொடுத்தபடி பாய்ந்து மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். வெளிப்பக்கமாக முறுக்கினேன். மணிக்கட்டு அசையவில்லை. இன்னும் முறுக்கினேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, சட்டியைத்தான் பார்த்தாள். "விடுங்க, கட்டி தட்டிடும்" என்று சொல்லித் துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினாள். நான் அந்தச் சுற்றோடு சேர்ந்து கேஸ் அடுப்பு வரை போய், ஃபிரிட்ஜ் வரை வந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினேன். கேழ்வரகு மாவு கொதியில் விழுந்து இறுகும்போது அதைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஐந்து பேருக்குக் களி, வாரத்தில் நாலு நாள், 22 வருஷம். லிச்டன்ஃபெல்ட் எங்கள் ஊர்ப் பக்கம் வந்திருந்தால் துடுப்பு என்று தனிப்பாடமே வைத்திருப்பார்.

எட்டு வாரமும் முடித்தேன். சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் ஊர்ப்பெயர் பர்கூர் என்று இருந்தது. பாரூர் வேறு, பர்கூர் வேறு, ஈரோட்டுப் பக்கம் மலைமேல் இருக்கிற பர்கூர் வேறு என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோன எங்கள் ஊர்க்காரர்களில் எவனும் இதற்கெல்லாம் சண்டை போடமாட்டான், கிராவ் மாகா தெரிந்திருந்தாலும்.

எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. அதுவும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்ததில் குறைந்ததாகத்தான் இருக்கும். அந்த ஒரு கிலோவைக் காப்பாற்ற, செலவில்லாத வழியாக, விடியற்காலையில் பாரூர் பெரிய ஏரிக்கரையில் ஓடலாம் என்று முடிவு செய்தேன். தென்பெண்ணைத் தண்ணீர் கே.ஆர்.பி. அணை தாண்டி, நெடுங்கல் தடுப்பணையில் திரும்பி எங்கள் ஏரிக்கு வருகிறது. கரை நீளமானது, விடியலில் காற்று நன்றாக இருக்கும்.

முதல் நாளே எதிரி. மூன்று நாய்கள். அசல் ஊர் நாய்கள், அந்தக் கரைக்குப் பட்டா வாங்கியவை மாதிரி நின்றன. எட்டு வாரப் பாடமும் மனதில் ஓடியது. காலை அகட்டி நின்று, கையை முன்னால் நீட்டி, அடிவயிற்றிலிருந்து "நோ!" என்று கத்தினேன். ஓசூரில் அப்படித்தான் கத்தச் சொல்லியிருந்தார்கள். நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவை தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கேட்டு வளர்ந்தவை, இங்கிலீஷ் மீடியம் இல்லை. மூன்றாகப் பிரிந்து வர ஆரம்பித்தன.

பால் சொசைட்டிக்குக் கேனோடு போய்க்கொண்டிருந்த ஒரு ஆயா நின்றது. கேனைக் கீழே வைக்கவில்லை. லேசாகக் குனிந்து தரையைத் தொட்டது, அவ்வளவுதான். மூன்று நாயும் மூன்று திசையில் பறந்தன.

"கல்லு எங்க ஆயா?" என்று கேட்டேன்.

"தார் ரோட்டுல ஏதுடா கல்லு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

சான்றிதழ் வேண்டுமானால் அந்த ஆயாவுக்குக் கொடுக்கலாம்.

அந்த ஏரிக்கரையில்தான் மிலிட்டரிக்காரரைப் பார்த்தேன். மெட்ராஸ் ரெஜிமென்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1758-ல் தொடங்கிய படைப்பிரிவு அது, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை. குன்னூர் வெலிங்டனில் அதன் பயிற்சி மையம். 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்பது அவர்களுடைய போர் முழக்கம். ஆனால் இவரைப் பார்த்தால் கூட்டுறவு சங்கத்தில் உரத்துக்கு வரிசையில் நிற்பவர் போலத்தான் இருப்பார். அரைக்கை பனியன், ஓசூரில் செய்த டிவிஎஸ் எக்ஸ்எல், கழுத்தில் ஒரு பழைய விசில். பச்சை குத்தவில்லை. காசு வாங்குவதில்லை. சுற்றுப்பக்கத்துப் பையன்கள் பதினெட்டுப் பேர் அவர் முன்னால் நிற்பார்கள். ராணுவத்தில் சேர ஒரு கூட்டம், போலீசில் சேர ஒரு கூட்டம். "சாவ்தான்!" என்று அவர் சொல்லும்போது சத்தம் பெரிதாக இருக்காது. ஆனால் ஏரியில் கொக்கு கூட நிமிர்ந்து நிற்கும்.

கருவிகளையும் சொல்ல வேண்டும். இரண்டு புளியமரத்துக்கு நடுவே கட்டிய ஜி.ஐ. குழாய் ஒன்று. பையன்கள் கை பட்டுப் பட்டு நடுவில் மட்டும் வெள்ளி மாதிரி பளபளக்கும், ஓரங்களில் துரு. அந்தப் பளபளப்பைப் பார்த்தே எத்தனை பேர், எத்தனை வருஷம் என்று சொல்லிவிடலாம். தாண்டுவதற்கு ஒன்பதடிப் பள்ளம், பையன்களே வெட்டியது. மழை பெய்தால் நிரம்பித் தவளை வந்துவிடும். அன்றைக்கு மட்டும் எல்லாரும் பத்தடி தாண்டுவார்கள். ஓடும் தூரம் மதகிலிருந்து ஒரு வேப்பமரம் வரை, போய் வந்தால் 800 மீட்டர், இரண்டு நடை.

ராணுவ உடல்தகுதித் தேர்வின் கணக்கு அந்தப் பையன்களுக்கு மனப்பாடம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். 5.45-க்குள் என்றால் 48. பதினைந்து வினாடிக்குப் பன்னிரண்டு மதிப்பெண். குழாயில் பத்து முறை ஏறி இறங்கினால் 40. ஓட்டத்துக்குக் கொடுக்கிற நேரத்தைப் பின்னால் கொஞ்சம் நீட்டினார்கள். மிலிட்டரிக்காரர் நீட்டவில்லை.

"இவனுங்கள 5.20-க்கு ஓட வெச்சாத்தான் அங்க போயி 5.30-க்கு ஓடுவானுங்க. அங்க பயத்துல பத்து செகண்டு போயிடும்" என்றார்.

நானும் ஓடட்டுமா என்று கேட்டேன். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பேன்ட் வந்ததும் அவர் கண் ஒரு கணம் நின்றது. "எந்த ரெஜிமென்ட்டு?" என்றார். போச்சம்பள்ளி என்றேன்.

ஓடினேன். வேப்பமரம் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பின்னால் நகர்ந்தது. 13 நிமிடம் 10 வினாடி. நடுவில் ஒரு பையன் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய், தன் ஓட்டத்தை முடித்துவிட்டு, பாட்டிலைத் திரும்ப வாங்கவும் வந்தான்.

மார்பளவும் எடுத்தார்கள். சாதாரணமாக 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். எனக்கு மார்பு விரியவில்லை. டேப்பை ஒன்றரை அடி கீழே இறக்கினால் காலை டிபனுக்கு முன்பும் பின்பும் அந்த 5 தாராளமாகக் கிடைக்கும் என்று ஒரு பொடியன் சொன்னான். வயதுக்கு மீறின வாய். பயிற்சியில் எல்லாருக்கும் கிடைக்கிற 'ரகடா' தண்டனை அவனுக்கு அன்று இரட்டிப்பாகக் கிடைத்தது. கரை ஓரம் முழுக்க உருண்டுகொண்டே போனான்.

ஓசூரில் கற்ற கத்தி வித்தையைப் பையன்களுக்குச் செய்து காட்டினேன். அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "சார், எங்களுக்கு இதெல்லாம் எப்போ?" என்று மிலிட்டரிக்காரரைக் கேட்டார்கள். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "துப்பாக்கியும் போச்சு, கத்தியும் போச்சு, கூட இருந்தவனும் போயிட்டான், ஓட வழியும் இல்லன்னா, அப்போ கை. அதுவரைக்கும் கால்தான்டா. ஓடு."

பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. போனில் நேரம் பார்த்துச் சொல்கிற வேலை. மதகருகே நின்று வருகிற ஒவ்வொருவனுக்கும் வினாடியைக் கத்த வேண்டும். "5.41!" என்று கத்தும்போது ஒரு பையன் முகம் எப்படிச் சுருங்கும் என்று அங்கே நின்றால்தான் தெரியும். மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்குப் போய்விட்டு, ராத்திரி பன்னிரண்டுக்கு வந்து, நாலரைக்கு எழுந்து வருகிறவன் அவன். 2022 ஜூனில் ராணுவ ஆளெடுப்புக்கு அக்னிபத் திட்டம் அறிவித்தபோது பதினேழரை முதல் 21 வரை என்று வயது வைத்தார்கள், அந்த ஒரு வருஷம் மட்டும் 23. நாலு வருஷம் வேலை, அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் உள்ளே, மிச்சப் பேர் கையில் ஒரு தொகையோடு ஊருக்கு. "நாலு வருஷம் கழிச்சு என்னடா பண்ணுவே?" என்று கேட்டேன். "இப்ப 5.30-க்குள்ள வந்துடறேன் சார், அப்புறம் நாலு வருஷம் இருக்குதே யோசிக்க" என்றான். எனக்கு 13.10-ம் ஒன்றுதான், 12.50-ம் ஒன்றுதான். அந்தப் பேன்டை அதற்குப் பிறகு நான் ஏரிக்கரைக்குப் போட்டுக்கொண்டு போகவில்லை. ஸ்கூட்டர் துடைக்க நன்றாக இருக்கிறது.

ஒன்று மட்டும் நீண்ட நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. கம்பெனியில் மேனேஜர் கத்துகிறார், சூப்பர்வைசர் என்ற முறையில் நானும் கத்துகிறேன். வீட்டில் மகள் இங்கிலீஷில் அதட்டுகிறாள். இவ்வளவு இலவசமாகக் கிடைப்பதை, பணம் கட்டி, இரண்டு பஸ் மாறிப் போய் ஏன் வாங்கினேன்? ஒருநாள் மதகில் நின்றபோது புரிந்தது. ஓசூர் மாஸ்டரும் சரி, மிலிட்டரிக்காரரும் சரி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளைதான் கொடுக்கிறார்கள். ஓடு என்றால் ஓடு. வேறு எதுவும் நினைக்க வேண்டாம், கரன்ட் பில் இல்லை, ஸ்டாக் டேலி இல்லை. கடைசியில் விசில் ஊதுவார்கள். விசில் ஊதினால் முடிந்தது. ஆடிட் முடிந்தது என்று கம்பெனியில் எவன் எனக்கு விசில் ஊதினான்? வீட்டுக் கடனுக்கு விசில் உண்டா?

இந்த மாதம் பையன்களில் ஒன்பது பேர் ஆன்லைன் தேர்வு தேறி உடல்தகுதி முகாமுக்குக் கிளம்பிப் போனார்கள். அன்று கரை வெறிச்சோடிக் கிடந்தது. மிலிட்டரிக்காரர் வழக்கம்போல எக்ஸ்எல்லில் வந்தார். ஆள் இல்லை என்று அவருக்கும் தெரியும். எனக்காக ஒரு விசில் ஊதினார். ஓடினேன். வேப்பமரத்தைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியபோது நேரம் பார்க்க அங்கே யாரும் இல்லை, போன் என் பாக்கெட்டிலேயே இருந்தது. இன்னொரு விசில் ஊதினார். நின்றேன்.

வீட்டுக்கு வந்து இந்த விசில் தத்துவத்தை வீட்டுக்காரிக்கு விளக்கினேன். பருப்பு கழுவிக்கொண்டே முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, குக்கரை மூடி அடுப்பில் ஏற்றினாள்.

"உங்களுக்கு விசில் அடிச்சா வேல முடிஞ்சுது. எனக்கு அடிச்சாத்தான் ஆரம்பமே" என்றாள். "நான் வாசல்ல தண்ணி புடிக்கறேன். மூணாவது விசிலுக்கு அணைச்சுடுங்க."

இரண்டு ஆகிவிட்டது. நின்றுகொண்டிருக்கிறேன்.